மூன்று வெப்கேம், ஒரே கம்ப்யூட்டர்: யூஎஸ்பி பேண்ட்வித் சிக்கலைத் தீர்க்க முழு வழிகாட்டி

மிருதங்கம் வாசிப்பதை ஒரே கேமராவில் எடுத்தால் பாதிதான் தெரியும். வலந்தலை (வலக்கை வாசிக்கும் முகம்) பக்கம் கேமராவை வைத்தால் தொப்பி (இடக்கை வாசிக்கும் முகம்) மறைந்துவிடும், நேர் எதிரே வைத்தால் இரண்டு கையும் தெரியும், ஆனால் எந்த விரல் எங்கே விழுகிறது என்று பிடிபடாது. அதனால்தான் எனக்குத் தெரிந்த மிருதங்க ஆசிரியர் ஒருவர், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்க முடிவு செய்ததும் மூன்று வெப்கேம் வாங்கிவிட்டார். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, எதிரே ஒன்று. மூன்றும் ஒரே மாடல். தனித்தனியாகச் செருகிப் பார்த்தால் மூன்றுமே அருமையாக ஓடுகின்றன. நான்கு போர்ட் ஹப் ஒன்றில் மூன்றையும் செருகி லேப்டாப்பில் ஓடவிட்டால் முதல் கேமரா வருகிறது, மற்ற இரண்டும் கறுப்புத் திரை.

"என்னப்பா, கடைக்காரர் பழுதானதைக் கொடுத்துட்டாரா?" என்று கேட்டார். "இல்ல சார், மூணும் நல்லாத்தான் இருக்கு, வழிதான் பத்தல" என்றேன். அந்த வழி எவ்வளவு அகலம் (பேண்ட்வித் என்பது அதுதான்), அதை யார் எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், மூன்றுக்கும் எப்படி இடம் ஒதுக்குவது என்பதுதான் கீழே உள்ளது. கடை சிசிடிவி, ரோபோ, யூடியூப் சமையல் வீடியோ என்று நீங்கள் எதற்காகப் பல கேமரா பூட்டினாலும் இதே கணக்குதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலானோர் நினைப்பது இது: யூஎஸ்பி ஒரு குழாய், கேமராக்கள் அதில் தண்ணீர் ஊற்றுகின்றன, குழாய் நிரம்பினால் வழிகிறது. வெப்கேம் விஷயத்தில் அது சரியில்லை. பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம் அல்லவா, அதுதான் சரியான ஒப்புமை. வெப்கேம் ஓட ஆரம்பிக்கும் அந்த நொடியிலேயே "எனக்கு இத்தனை சீட்" என்று துண்டு போட்டுவிடும். அப்புறம் அது அந்த சீட்டில் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் அடுத்த கேமராவுக்கு அந்த இடம் கிடையாது. இப்படி முன்கூட்டியே இடம் பிடித்துத் தரவு அனுப்பும் முறைக்கு ஐசோக்ரோனஸ் என்று பெயர். சாதாரண யூஎஸ்பி வெப்கேம்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் பல்க் என்ற வேறு வகை, மிச்சம் இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு போகும், இடம் இல்லையென்றால் மெதுவாகப் போகுமே தவிர ஏற மாட்டேன் என்று சொல்லாது.

ஆகவே இங்கே எவ்வளவு தரவு ஓடுகிறது என்பதைவிட எவ்வளவு இடம் பிடித்து வைக்கப்படுகிறது என்பதுதான் முக்கியம். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் எல்லாப் படிகளும் எளிதாகப் புரியும்.

இன்னொன்று. கேமராவைச் செருகுவதால் மட்டும் இடம் போகாது. வீடியோ ஓட ஆரம்பிக்கும்போதுதான் துண்டு விழும், நிறுத்தியதும் எடுத்துக்கொள்ளும். கடைசியாக ஆரம்பித்த கேமராதான் மாட்டிக்கொள்ளும், அதனால் "மூன்றாவது கேமரா கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டுவதற்கு முன் ஆரம்பிக்கும் வரிசையை மாற்றிப் பாருங்கள். வேறொரு கேமரா கறுப்பானால் கேமராவில் குறையில்லை.

படி 1: உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்?

இதைத் தாண்டிப் போகாதீர்கள், பாதிப் பேருக்கு சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். ஆசிரியரின் வகுப்பில் மூன்று படங்களும் ஒரே திரையில் சேர்ந்துதான் மாணவருக்குப் போகின்றன. முழுத் திரை 1280×720. அதில் வலந்தலையும் தொப்பியும் கீழே ஆளுக்குப் பாதி, அதாவது 640×360. அப்படியிருக்க அந்த இரண்டு கேமராவையும் 1920×1080-இல் ஓடவிட்டு என்ன பயன்? எப்படியும் சுருக்கித்தான் காட்டப் போகிறோம்.

ஆனால் வேகத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமாக, ஒரு கோர்வை வாசிக்கும்போது நொடிக்கு 10 படம் என்றால் விரல் இருப்பதே தெரியாது, கரணையின் (வலந்தலை நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) மேல் ஒரு புகைமூட்டம்தான் தெரியும். அவருக்கு நொடிக்கு 30 படம் கட்டாயம். செடி வளர்வதையோ வாசல் கேட்டையோ பார்ப்பவருக்கு 5 படம் போதும். உங்களுக்கு அளவு முக்கியமா, வேகம் முக்கியமா என்று ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாக் கேமராவுக்கும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

படி 2: தாளில் கணக்குப் போடுங்கள்

வெப்கேம்கள் பொதுவாக இரண்டு வடிவங்களில் படம் தருகின்றன. ஒன்று சுருக்காத ஒய்யூஒய்வி, இதில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். மற்றது எம்ஜேபெக், ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்புவது. சுருக்காததற்குக் கணக்கு எளிது: அகலம் × உயரம் × 2 × நொடிக்கு எத்தனை படம்.

640×480, நொடிக்கு 30 படம்: நொடிக்கு 1,84,32,000 பைட், அதாவது சுமார் 18.4 எம்பி.
1280×720, 30 படம்: 55.3 எம்பி.
1920×1080, 30 படம்: 124.4 எம்பி.

இப்போது எதிர்ப்பக்கம். யூஎஸ்பி 2.0 வந்தது 2000-ஆம் ஆண்டில். அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், எட்டால் வகுத்தால் 60 எம்பி. ஆனால் அந்த 60 முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது. யூஎஸ்பி 2.0 ஒரு நொடியை 8,000 துண்டாக வெட்டுகிறது, ஒவ்வொன்றும் 125 மைக்ரோவினாடி, பெயர் மைக்ரோஃபிரேம். ஒரு மைக்ரோஃபிரேமில் மொத்தம் 7,500 பைட் அடங்கும். அதில் 80 சதவீதம் வரைதான் முன்பதிவுக்குத் தரலாம் என்பது விதி, அதாவது 6,000 பைட். மிச்சம் மற்ற வேலைகளுக்கு. ஒரு கேமரா ஒரு மைக்ரோஃபிரேமில் அதிகபட்சம் 1,024 பைட்டாக மூன்று தடவை, ஆக 3,072 பைட் பிடிக்கலாம். எட்டாயிரத்தால் பெருக்கினால் நொடிக்கு சுமார் 24.6 எம்பி.

இதிலிருந்தே பல விஷயங்கள் வெளிச்சமாகும். 720 அளவைச் சுருக்காமல் 30 படம் எடுக்க 55 எம்பி வேண்டும், யூஎஸ்பி 2.0-இல் ஒரே ஒரு கேமராவுக்குக்கூட 24.6-க்கு மேல் கிடையாது, அதனால்தான் உங்கள் வெப்கேம் ஒய்யூஒய்வியில் 720 அளவுக்கு 10 படம் மட்டுமே தருகிறது (10 படம் என்றால் சரியாக 18.4 எம்பி, 640×480-க்கு 30 படம் எடுப்பதும் அதேதான்). பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் "1080பி 30" எல்லாம் சுருக்கிய வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும்.

அடுத்ததுதான் முக்கியமானது. இரண்டு கேமராவும் ஆளுக்கு 3,072 பிடித்தால் 6,144. அனுமதி 6,000. நூற்று நாற்பத்து நான்கு பைட் அதிகம், அவ்வளவுதான், இரண்டாவது கேமராவுக்குக் கதவு சாத்தப்பட்டுவிடும். உலகம் முழுவதும் "இரண்டாவது வெப்கேம் வேலை செய்யவில்லை" என்று புலம்புபவர்களில் பலர் இந்த ஒரு கூட்டலில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

சரி, 640×480 சுருக்காமல் எடுத்தால்? ஒரு மைக்ரோஃபிரேமுக்கு 2,304 பைட், இரண்டு கேமராவுக்கு 4,608. இடம் இருப்பது போலத் தெரியும். ஆனால் கேமரா தன் தேவைக்கு நேர் அளவான இடத்தைப் பிடிக்காது, தன்னிடம் உள்ள ஏழெட்டு அளவுகளில் அடுத்த பெரியதைப் பிடிக்கும். அதோடு யூஎஸ்பி கம்பியில் தொடர்ந்து ஆறு 1 வந்தால் நடுவில் ஒரு 0 சொருகப்படும், மோசமான நிலைமையை மனதில் வைத்து அதற்கும் சேர்த்து இடம் கணக்கிடப்படலாம். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தலைப்புச் செலவு வேறு. அதனால் தாளில் இடம் இருந்தும் நேரில் இல்லாமல் போவது சகஜம். ஓரத்தில் தொங்கும் கணக்கை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

படி 3: உங்கள் போர்ட்டுகள் உள்ளே எப்படி இணைந்திருக்கின்றன?

வெளியே நான்கு ஓட்டை இருக்கிறது என்பதால் உள்ளே நான்கு வழி இருக்கிறது என்று அர்த்தமில்லை. எல்லாம் ஒரே கன்ட்ரோலருக்குப் (யூஎஸ்பியை நிர்வகிக்கும் சிப்) போகலாம். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை "ஹைஃபன் டி" சேர்த்து ஓடவிட்டால் மரம் போல ஒரு படம் வரும். ஒவ்வொரு வேர்ப்பகுதியும் ஒரு பஸ், அதாவது ஒரு யூஎஸ்பி வழி. வரியின் கடைசியில் 480எம், 5000எம், 12எம் என்று வேகம் இருக்கும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் "டிவைசஸ் பை கனெக்ஷன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், இதே மரம் கிடைக்கும்.

அந்தப் படத்தில் பார்க்க வேண்டியவை: உங்கள் கேமராக்கள் ஒரே வேரின் கீழ் இருக்கின்றனவா, நடுவில் ஹப் இருக்கிறதா, கேமராவின் எதிரே 480எம் போட்டிருக்கிறதா 5000எம் போட்டிருக்கிறதா. லேப்டாப்பாக இருந்தால் உள்ளேயே இருக்கும் வெப்கேமும் ப்ளூடூத்தும் அதே மரத்தில் தொங்குவதைக் காண்பீர்கள். ஏதாவது ஒரு ஆப் பின்னணியில் உள் கேமராவைத் திறந்து வைத்திருந்தால் அதுவும் துண்டு போட்டிருக்கும்.

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் காசு வீணாகிறது. "யூஎஸ்பி 3 ஹப் வாங்கினால் 5 ஜிகாபிட், பத்து வெப்கேம் ஓட்டலாம்." கிடையாது. யூஎஸ்பி 3 என்பது யூஎஸ்பி 2-க்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்த்த தனிக் கம்பிகள். யூஎஸ்பி 3 ஹப்புக்குள் இரண்டு ஹப்கள் அருகருகே இருக்கின்றன, ஒன்று 5000எம், இன்னொன்று 480எம். உங்கள் யூஎஸ்பி 2 வெப்கேமை அதில் செருகினால் அது 480 பக்கம்தான் போகும், எத்தனை செருகினாலும் அத்தனையும் அந்த ஒரு 480-ஐத்தான் பங்கு போடும். புதிய நெடுஞ்சாலை போட்டாலும் மாட்டுவண்டி பழைய தடத்தில்தான் போகும் என்றால் நெடுஞ்சாலையால் அதற்கு என்ன லாபம்? பிளக் நீலமாக இருப்பதையும் நம்பாதீர்கள். மலிவான எச்டிஎம்ஐ கேப்சர் ஸ்டிக்குகள் சிலவற்றில் நீல பிளக் இருக்கும், உள்ளே இருப்பது யூஎஸ்பி 2. மரத்தில் என்ன எண் வருகிறது என்பதே இறுதி.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு: பை 3-இல் நான்கு போர்ட்டும் நெட்வொர்க் கேபிளும் சேர்ந்து ஒரே யூஎஸ்பி 2 வழியைப் பங்கு போடுகின்றன, அங்கே இரண்டு கேமராவே சிரமம். பை 4-இல் யூஎஸ்பி 3 வந்துவிட்டாலும் நான்கு போர்ட்டின் யூஎஸ்பி 2 பக்கம் முழுவதும் உள்ளேயிருக்கும் ஒரே ஹப் வழியாகப் போகிறது, மரத்தில் அதைப் பார்க்கலாம். பை 5-இல் ஆர்பி1 சிப்புக்குள் தனித்தனியாக இரண்டு கன்ட்ரோலர்கள், ஆகவே கேமராக்களைப் பிரித்துப் போட வழி இருக்கிறது.

புதிய லேப்டாப்புகளில் ஒரே கன்ட்ரோலர் என்று மரம் காட்டினாலும், சிலவற்றில் ஒவ்வொரு நேரடி போர்ட்டுக்கும் உள்ளே தனி இடம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. மரத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஹப்பை எடுத்துவிட்டு, இரண்டு கேமராவையும் உடம்பில் இருக்கும் இரண்டு வேறு போர்ட்டில் நேராகச் செருகி ஓடவிட்டால் பதில் கிடைத்துவிடும். காசு செலவில்லாத சோதனை, முதலில் இதைச் செய்யுங்கள்.

படி 4: என்ன பிழை வருகிறது என்று படியுங்கள்

லினக்ஸில் இடம் போதாவிட்டால் வரும் செய்தி "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". இதைப் பார்த்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்யப் போகாதீர்கள். இங்கே ஸ்பேஸ் என்றால் யூஎஸ்பியில் இடம். பிழை எண் 28. லினக்ஸின் உள் செய்திகளைக் காட்டும் டிமெசெக் கட்டளையில் "நாட் இனஃப் பேண்ட்வித்" என்று வந்தால் இன்னும் உறுதி. விண்டோஸில் "இன்சஃபிஷியன்ட் சிஸ்டம் ரிசோர்சஸ்" என்று வரும், ரேம் போதவில்லை என்று தோன்றும், வெப்கேம் விஷயத்தில் பெரும்பாலும் அதுவும் இதே இடநெருக்கடிதான். பல ஆப்கள் எந்தச் செய்தியும் காட்டாமல் கறுப்புத் திரையோடு நின்றுவிடும்.

படம் வருகிறது, ஆனால் கிழிந்து, பாதி பச்சையாக வருகிறது என்றால் அது வேறு கதை. ஐசோக்ரோனஸில் ஒரு பொட்டலம் கெட்டுப்போனால் மறுபடி அனுப்பும் ஏற்பாடு இல்லை, போனது போனதுதான். மட்டமான கேபிள், நீளமான கேபிள், மின்சாரம் போதாத ஹப் இவற்றைச் சந்தேகியுங்கள். யூஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீட்டர்தான் வரம்பு.

கேமரா எத்தனை சீட் பிடிக்கிறது என்று நேராகவே பார்க்கலாம். லினக்ஸில் வெப்கேம்களை ஓட்டும் டிரைவரின் பெயர் யூவிசிவீடியோ. அதன் பாராமீட்டர்ஸ் ஃபோல்டரில் ட்ரேஸ் என்று ஒரு ஃபைல் இருக்கும், அதில் 1024 என்று எழுதிவிட்டுக் கேமராவை ஓடவிடுங்கள். டிமெசெக்கில் "டிவைஸ் ரெக்வெஸ்டட் இத்தனை பைட்" என்று ஒரு வரி வரும். ஆசிரியரின் கேமராக்கள் 720 அளவில் எம்ஜேபெக் கேட்டாலும், 360 அளவில் கேட்டாலும், மூன்றும் 3,072 என்றே போட்டன. சுருக்கிய படம் நிஜத்தில் அதில் சிறு பங்குதான் இருந்திருக்கும். ஆனாலும் துண்டு மூன்று சீட்டுக்கும் விழுந்துவிட்டது.

படி 5: செலவில்லாத மருந்துகள்

வடிவத்தை மாற்றுங்கள். லினக்ஸில் வி4எல்2-சிடிஎல் கட்டளையில் "லிஸ்ட் ஃபார்மட்ஸ் எக்ஸ்ட்" என்று கேட்டால் கேமரா எந்த வடிவத்தில், எந்த அளவில், எத்தனை படம் தரும் என்று முழுப் பட்டியல் வரும். வீடியோ பதிவுக்கான ஓபிஎஸ் மென்பொருளில் கேமராவின் ப்ராப்பர்ட்டீஸில் "ரெசல்யூஷன் எஃப்பிஎஸ் டைப்" என்பதைக் கஸ்டம் ஆக்கி, வீடியோ ஃபார்மட்டில் எம்ஜேபெக் தேர்ந்தெடுங்கள். டீஃபால்ட் என்று விட்டால் ஆப் தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்ளும். பைத்தானில் ஓப்பன்சிவி (கேமராப் படங்களைக் கையாளும் நிரல் தொகுப்பு) எழுதுபவர்கள், பட வடிவத்தைச் சொல்லும் ஃபோர்சிசி குறியீட்டை எம்ஜேபிஜி என்று முதலில் வைத்து அப்புறம் அகலம், உயரம் வையுங்கள். வரிசை மாறினால் சில கேமராக்கள் பழைய வடிவத்திலேயே நின்றுவிடும். வைத்த பிறகு திரும்பப் படித்து, உண்மையில் மாறியதா என்று பாருங்கள், இந்தப் பழக்கம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அளவைக் குறையுங்கள். சில நல்ல கேமராக்கள் சின்ன அளவில் கேட்டால் இடமும் குறைவாகப் பிடிக்கும். சில கேமராக்கள் எதற்கும் அசையாது, ஆசிரியரின் கேமராக்கள் அந்த ரகம். ட்ரேஸ் வரியைப் பார்த்தால் உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

டிரைவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். லினக்ஸ் பயனர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி இது. யூவிசிவீடியோ டிரைவருக்குக் குவர்க்ஸ் என்று ஒரு அமைப்பு உண்டு, அதன் மதிப்பை 128 என்று கொடுத்து டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றினால், கேமரா கேட்டதை அப்படியே கொடுக்காமல், அளவையும் வேகத்தையும் வைத்து டிரைவர் தானே இடத்தைக் கணக்கிடும். பொய்யாக அதிகம் கேட்கும் கேமராக்களுக்கு அருமையான மருந்து. ஆனால் இது சுருக்காத வடிவத்துக்கு மட்டுமே வேலை செய்யும், எம்ஜேபெக்குக்கு அல்ல, ஏனென்றால் சுருக்கிய படம் எவ்வளவு பெரிதாக வரும் என்று டிரைவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. "128 போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எம்ஜேபெக்கில் போட்டிருப்பார்கள். 320×240 ஒய்யூஒய்வி, 30 படம் என்றால் நொடிக்கு 4.6 எம்பிதான், இந்த 128-ஐப் போட்டு அப்படி மூன்று நான்கு கேமராக்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். கோடு பின்பற்றும் ரோபோவுக்கு அது தாராளம், மிருதங்க விரலுக்குப் போதாது.

முறை வைத்து ஓட்டுங்கள். பத்து நொடிக்கு ஒரு படம் போதும் என்பவர்கள் முதல் கேமராவைத் திறந்து, படம் எடுத்து, மூடி, அடுத்ததைத் திறந்தால் போதும். மூடியதும் சீட் காலியாகிவிடும். திறந்ததும் முதல் சில படங்களை விட்டுவிடுங்கள், வெளிச்சத்துக்குக் கேமரா பழக நேரம் எடுக்கும்.

படி 6: வழியைப் பிரித்துக் கொடுங்கள்

மேலே சொன்னவற்றில் தீராவிட்டால் ஒவ்வொரு கேமராவுக்கும் தனி வழிதான் உண்மையான தீர்வு. டெஸ்க்டாப் இருப்பவர்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி கார்டு போடலாம். வாங்கும்போது கேட்க வேண்டியது, கார்டில் எத்தனை போர்ட் என்பதல்ல, எத்தனை கன்ட்ரோலர் என்பதுதான். நான்கு போர்ட், ஒரு கன்ட்ரோலர் என்பதுதான் கடைகளில் அதிகம். நான்கு தனிக் கன்ட்ரோலர் உள்ள கார்டுகளும் இருக்கின்றன, விலை கூடுதல், பெரிய ஸ்லாட் வேண்டும்.

ஆசிரியர் வீட்டில் நடந்தது இதுதான். லேப்டாப்பில் நேரடி போர்ட் சோதனையும் தோற்றுப்போனது. மாடியில் தூசி படிந்து ஒரு பழைய டெஸ்க்டாப் கிடந்தது. அதைத் துடைத்து, லினக்ஸ் ஏற்றி மரத்தைப் பார்த்தால், யூஎஸ்பி 2 கன்ட்ரோலர்கள் தனித்தனியாக இரண்டு! இன்டெலின் அந்தக் காலத்துச் சிப்செட்டுகள் பலவற்றில் அப்படித்தான் இருந்தது. அந்தப் பெட்டியில் முன்பக்க போர்ட் ஒன்றிலும் பின்பக்க போர்ட் மற்றதிலும் இருந்தன. வலந்தலை முன்னால், தொப்பி பின்னால். மூன்றாவது கேமராவுக்கு ஒரு சாதாரண யூஎஸ்பி 3 கார்டு. மூன்றும் 720 அளவில், நொடிக்கு 30 படம், எம்ஜேபெக்கில் ஓடின. புது லேப்டாப்பால் முடியாததைப் பழைய பெட்டி செய்ததற்குக் காரணம் வேகம் அல்ல, தனித்தனி வழிகள்.

கேமராக்களே யூஎஸ்பி 3 என்றால் நிலைமை வேறு. 5 ஜிகாபிட்டில் குறியீட்டுச் செலவு போக நொடிக்கு 500 எம்பி, நடைமுறையில் 400-க்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்காத 1080, 30 படம் என்றால் ஒன்றுக்கு 124, ஆக மூன்று கேமரா விளிம்பில் நிற்கும், நான்கு நிற்காது. தொழிற்சாலைகளில் பயன்படும் யூஎஸ்பி 3 விஷன் கேமராக்கள் பல்க் முறையில் அனுப்புபவை, அவை ஏற மறுக்காது, நெரிசலில் படங்களைத் தவறவிடும். அவற்றை லினக்ஸில் ஓட்டும்போது யூஎஸ்பிஎஃப்எஸ் நினைவக வரம்பு தொடக்கத்தில் 16 எம்பிதான், அதை 1000 ஆக்க மறக்காதீர்கள்.

தூரம் அதிகம், கேமரா பத்து என்றால் யூஎஸ்பியை விட்டுவிட்டு, நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் ஐபி கேமராவுக்குப் போங்கள். கேமராவே எச்.264-இல் சுருக்கி ஒன்றுக்கு 4 மெகாபிட் அனுப்பினால் பத்துக்கும் 40, சாதாரண 100 மெகாபிட் ஸ்விட்சே தாங்கும். தாமதம் மட்டும் கொஞ்சம் கூடும், பாடம் நடத்தும்போது அது உறுத்தும் என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

படி 7: யூஎஸ்பி சரியான பிறகு வரும் தொல்லைகள்

மூன்றும் ஓடுகின்றன, ஆனால் 30 படம் வரவில்லை, 15 தான் வருகிறது என்றால் உடனே பேண்ட்வித்தைத் திட்டாதீர்கள். அறையில் விளக்கைப் போடுங்கள். வெளிச்சம் குறைந்தால் பல வெப்கேம்கள் ஒவ்வொரு படத்தையும் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டி, வேகத்தைத் தானாகவே பாதியாக்கிவிடும். லினக்ஸில் "எக்ஸ்போஷர் டைனமிக் ஃபிரேம்ரேட்" (பழைய பதிப்புகளில் "எக்ஸ்போஷர் ஆட்டோ பிரையாரிட்டி") என்ற அமைப்பை 0 ஆக்கினால் இது நிற்கும். இருட்டில் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறி எம்ஜேபெக் படமும் பெருத்துவிடும், அதனால் நல்ல விளக்கு என்பது பேண்ட்வித்துக்கும் நல்லது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், "பவர் லைன் ஃப்ரீக்வென்சி" 60-இல் இருந்தால் படம் துடிக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

மின்சாரம். யூஎஸ்பி 2 போர்ட் ஒன்றுக்கு 500 மில்லியாம்ப், அதை ஹப்பில் நான்காகப் பிரித்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான். தனி அடாப்டர் உள்ள ஹப்பாக வாங்குங்கள். பை 4 நான்கு போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்ப்தான் தரும்.

பதிவு செய்யும்போது எம்ஜேபெக்கைப் பிரித்து மறுபடி சுருக்கினால் பழைய சிபியு திணறும். வீடியோ பதிவுக்கும் மாற்றத்துக்குமான எஃப்எஃப்எம்பெக் கட்டளையில் கோடெக் இடத்தில் காப்பி என்று கொடுத்தால் வந்த படத்தை அப்படியே எம்கேவி ஃபைலில் எழுதிவிடும், சிபியு சும்மாவே இருக்கும். ஃபைல் பெரிதாகும், அப்புறம் ராத்திரி நிதானமாகச் சுருக்கிக்கொள்ளலாம். மெமரி கார்டில் எழுதுவதாக இருந்தால் வி30 என்று போட்டதை வாங்குங்கள், அது நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாது என்று உறுதி தரும் குறி.

பெயர் குழப்பம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் வலந்தலை கேமரா தொப்பியாகிவிடும். லினக்ஸில் வீடியோ0, வீடியோ2 போன்ற எண்களை நம்பாமல் "பை-பாத்" ஃபோல்டரில் இருக்கும் பெயரைப் பயன்படுத்துங்கள், அது போர்ட்டோடு ஒட்டிய பெயர், மாறாது. ஒரே மாடல் மூன்று வாங்கியவர்களுக்கு வேறு வழியும் பெரும்பாலும் இல்லை. வீடியோ1 என்று ஒன்று வந்து அதில் படம் வராவிட்டால் பதற வேண்டாம், புதிய கெர்னல்களில் ஒரே கேமராவுக்கு இரண்டு எண் வரும், இரண்டாவது படத்துக்கானது அல்ல.

படி 8: ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மூன்றின் நேரத்தையும் ஒத்துப்போகச் செய்யுங்கள்

ஐந்து நிமிடம் ஓடியதால் எல்லாம் சரி என்று விட்டுவிடாதீர்கள். வகுப்பு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபைலிலும் எத்தனை படம் பதிவாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 30 என்றால் 1,08,000 வர வேண்டும். ஒரு கேமராவில் மட்டும் சில ஆயிரம் குறைந்தால் அந்தக் கேமராவின் கேபிளையும் வெளிச்சத்தையும் பாருங்கள், மூன்றிலும் ஒன்றாகக் குறைந்தால் சிபியு அல்லது டிஸ்க்.

சாதாரண வெப்கேம்களுக்கு ஒன்றோடொன்று நேரம் ஒத்துப்போகும் வசதி கிடையாது, ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தில் ஓடும். ஓப்பன்சிவியில் எல்லாக் கேமராவுக்கும் முதலில் கிராப் (படத்தைப் பிடிப்பது) மட்டும் வரிசையாகக் கூப்பிட்டு, அப்புறம் ரிட்ரீவ் (அதைப் பிரித்தெடுப்பது) செய்தால் இடைவெளி குறையும், படத்தைப் பிரிக்கும் நேரம் நடுவில் வராது. பதிவை எடிட் செய்வதாக இருந்தால் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு அடையாளம் வேண்டும். ஆசிரியர் அதற்குத் தனியாகக் கை தட்டுவதில்லை. பாடம் தொடங்கும் முன் இரண்டு கையையும் உயர்த்தி, வலந்தலையிலும் தொப்பியிலும் ஒரே சமயத்தில் ஒரு "தோம்" வைக்கிறார், முடிக்கும்போதும் அப்படியே. மூன்று ஃபைலிலும் விரல் தோலைத் தொடும் அந்தப் படத்தை நேருக்கு நேர் வைத்தால் போதும், நடுவில் உள்ள ஒரு மணி நேரமும் சேர்ந்துகொள்கிறது. போன வாரப் பதிவில் தொடக்கத்தில் ஒட்டிவைத்த மூன்று வீடியோவும் முடிவுத் "தோம்" வரும்போது இரண்டு படம் விலகியிருந்தன, தொப்பி கேமராவின் வேகத்தை எடிட்டரில் துளி மாற்றியதும் சரியாகிவிட்டது.